நிலைமின்னிறக்கமும் இலத்திரன் சுற்றுக்களின் காப்பும்

அம்பர் என்னும் பிசினைக் கம்பளியிலே தேய்த்தால் அது வைக்கோல் துரும்பையும் இறகையும் தன்பால் இழுக்கும் என்பது பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்ததோர் உண்மை. மிலேற்றசு நகரத்து அறிஞராகிய தேலிசு ஏறக்குறைய 2,600 ஆண்டுகளுக்கு முன்னர் இதனை எடுத்துரைத்தார் எனப் பிற்காலத்து நூலோர் கூறுவர். 1600 ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவரான வில்லியம் கில்பேட்டு, கண்ணாடி, கந்தகம் முதலிய வேறு பல பொருள்களும் தேய்க்கப்படும்போது இப்பண்பைப் பெறுகின்றன எனக் காட்டினார். அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே 'இலத்திரன்' என்னும் இக்காலப் பெயருக்கு மூலமாயிற்று. அவ்விலத்திரனின் பெயரால் வழங்கும் இலத்திரனியற் கலைக்கு அதே தேய்ப்புமின் இன்று பெரும் பகையாய் நிற்பது வியத்தற்குரியது.

தலைவாரிய சீப்புக் கடதாசித் துண்டை இழுப்பதும், நைலோன் சட்டையைக் கழற்றும்போது சடசடவென ஒலி எழுவதும் யாவரும் அறிந்தவை. இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. ஆயின் அச்சட்டையைக் கழற்றிய கை அடுத்த கணம் ஒரு கணினியின் நினைவகச் சில்லைத் தொடுமாயின் அச்சில்லு பழுதடையக்கூடும். தொட்டவர் யாதும் உணரார். சில்லிலும் வடு எதுவும் கண்ணுக்குப் புலனாகாது. ஏறக்குறைய 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த நிலைமின்னிறக்கத்தை மனிதன் பொதுவாக உணர்வதில்லை. நுண்சுற்றுக்களுட் பலவோ சில நூறு வோல்ற்றிலேயே ஊறுபடுவன. சில நூறு வோல்ற்றுக்கும் குறைந்த அழுத்தத்திலே அழிவன. இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையேயுள்ள வெளியிலேதான் இப்பொருளின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. தீங்கு செய்பவர் அறியாமலே செய்கின்றார். தீங்குற்ற பொருளும் முறையிடுவதில்லை.

அத்தீங்கை விலக்கும் முறைகள் பல. அவற்றுக்கெல்லாம் அடிப்படையானவை இரண்டே. பொருள்களுக்கிடையே அழுத்த வேறுபாடு தோன்றாமற் காத்தல் ஒன்று; தோன்றிய ஏற்றத்தைத் திடீரெனப் பாயவிடாது மெல்ல வடியவிடுதல் மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே பெரும்பாலும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. ஏற்றத்தை எத்துணை விரைவாக நிலத்துக்குச் செலுத்த முடியுமோ அத்துணைக்குக் காப்பு மிகும் என எண்ணுவோர் பலர். அஃது அரையுண்மையே என்பது மேல்வருவனவற்றாற் புலனாகும்.

ஏற்றம் தோன்றும் வகை

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது, ஒன்றன் மேற்பரப்பிலிருந்து இலத்திரன்கள் சில மற்றதன்பாற் செல்கின்றன. இலத்திரனை இழந்த பொருள் நேரேற்றமும் பெற்ற பொருள் மறையேற்றமும் அடைகின்றன. இதற்குத் தேய்த்தல் இன்றியமையாததன்று. தொடுதலும் பிரிதலுமே போதும். தேய்த்தல் தொடும் பரப்பை மிகுவித்து அந்நிகழ்ச்சியைப் பெருக்குகின்றது. மனிதத் தோல், கண்ணாடி, நைலோன், கம்பளி ஆகியன இலத்திரனை எளிதில் இழப்பன. பொலித்தீன், பீவீசி, தெபுலோன் ஆகியன அதனை எளிதில் ஏற்பன. இக்காலத்து உறைகளும் தளவிரிப்புக்களும் நாற்காலி மெத்தைகளும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகைப் பொருள்களால் ஆனவையாதலின், மனிதன் நடப்பதும் இருந்தெழுவதும் மின்னை ஆக்கும் செயல்களாகிவிட்டன.

கடத்தியொன்றிலே தோன்றிய ஏற்றம் வழி கிடைத்தவுடன் ஓடிவிடும். காவலியிலே தோன்றிய ஏற்றமோ தோன்றிய இடத்திலேயே நெடுநேரம் தங்கும். மனிதவுடல் ஒரு கடத்தியே. எனினும் இறப்பர்ச் செருப்பு அதனை நிலத்தினின்றும் பிரித்துவிடுவதால், அவ்வுடல் ஏற்றத்தைத் தாங்கிநிற்கும் ஒரு கொள்ளளவியாக மாறுகின்றது. அதன் கொள்ளளவம் ஏறக்குறைய 100 பிக்கோபரட்டு எனக் கணக்கிடுவது வழக்கம்.

உடல் அடையும் அழுத்தம் காற்றின் ஈரப்பதனைப் பெரிதும் பொறுத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூலொன்றிலே இதற்குச் சில அளவுகள் தரப்பட்டுள்ளன. ஈரப்பதன் நூற்றுக்கு 10 முதல் 20 வரையாக இருக்கும் வறண்ட காற்றிலே கம்பள விரிப்பின் மீது நடப்பவர் 35,000 வோல்ற்று அழுத்தத்தை அடையக்கூடும். ஈரப்பதன் நூற்றுக்கு 65 முதல் 90 வரையாகும்போது அது 1,500 வோல்ற்றாகக் குறைகின்றது. மேசையருகே அமர்ந்து வேலை செய்பவர் வறண்ட காற்றில் 6,000 வோல்ற்றும், ஈரக்காற்றில் 100 வோல்ற்றும் அடையக்கூடும். மேசையிற் கிடந்த பொலித்தீன் பையொன்றை எடுக்கும்போது முறையே 20,000 வோல்ற்றும் 1,200 வோல்ற்றும் தோன்றலாம். ஈரக்காற்று பொருள்களின் மேற்பரப்பிலே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கி ஏற்றம் வடிவதற்கு வழிசெய்வதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

ஏற்றம் பெறுதற்குத் தொடுதலும் எப்போதும் வேண்டியதில்லை. ஏற்றமுள்ள பிளாத்திக்குப் பொருளொன்று ஒரு சுற்றின் அருகிலிருந்தால், அதன் மின்புலத்தினால் சுற்றிலுள்ள உலோகப் பகுதிகளில் ஏற்றங்கள் பிரிந்து நிற்கும். அந்நிலையிலே சுற்றின் ஓரிடம் நிலத்தோடு தொடுமாயின், ஒருவகை ஏற்றம் பாய்ந்தோட மற்றது எஞ்சும். இது தூண்டல் எனப்படும். மேசையிலே மறதியாக விடப்பட்ட தேநீர்க் குவளையும் பிளாத்திக்குக் கோப்பும் கூடத் தீங்கிற்குக் காரணமாவது இவ்வழியாலேயே.

சுற்றுக்கள் மெலிந்த வரலாறு

நிலைமின் மனிதனுக்குப் புதிதன்று. அதனால் எளிதில் ஊறுபடும் சுற்றே புதிது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வானொலிப் பெட்டிகளை இயக்கிய வெற்றிடக் குழாய்கள் பல நூறு வோல்ற்றிலும் தொழிற்பட்டன. சிறு பொறியொன்றினால் அவற்றுக்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. 1947 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே யோன் பாடீன், வால்ற்றர் பிரற்றேன் என்னும் இருவர் முதலாவது திரான்சிற்றரை இயக்கிக் காட்டினர். அதே ஆய்வுகூடத்தில் 1959 ஆம் ஆண்டிலே முகம்மது அத்தல்லா, தவோன் காங் ஆகிய இருவரும் உலோகம், ஒட்சைட்டு, குறைகடத்தி என்னும் மூன்று படைகளாலான புலவிளைவுத் திரான்சிற்றரை ஆக்கினர். இன்றைய கணினியிலும் கைத்தொலைபேசியிலும் உள்ள சில்லுக்கள் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்த திரான்சிற்றர்களாலேயே ஆனவை.

இத்திரான்சிற்றரில் மின்னோட்டத்தைத் தடுத்தும் விடுத்தும் ஆளும் மின்வாய் 'படலை' எனப்படும். படலைக்கும் அதன் கீழுள்ள சிலிக்கனுக்கும் இடையே காவலியாக இருப்பது மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையாகும். சிலிக்கனீரொட்சைட்டு ஒரு நனோமீற்றர்த் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வோல்ற்று வீதமே தாங்கவல்லது. தொடக்க காலத்திலே அப்படை 100 நனோமீற்றர் அளவு தடிப்புடையதாய் இருந்தது. ஆகவே ஏறக்குறைய 100 வோல்ற்று அதனைத் துளைத்துவிடும். சில்லுக்கள் மேன்மேலும் சிறுத்துப் படை ஒருசில நனோமீற்றருக்குக் குறைந்த பின்னர், அது தாங்கும் அழுத்தமும் ஒருசில வோல்ற்றாகவே சுருங்கிற்று. சுற்றை விரைவாகவும் சிக்கனமாகவும் இயங்கச் செய்த அதே மாற்றம் அதனை மென்மையாக்கியும் விட்டது.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். 100 பிக்கோபரட்டுக் கொள்ளளவமுடைய உடல் 3,000 வோல்ற்று அழுத்தத்தை அடையும்போது அதிற் சேர்ந்திருக்கும் சத்தி 0.45 மில்லியூல் மாத்திரமே. ஒரு கிராம் திணிவை நாலரைச் சதமமீற்றர் உயர்த்துதற்கே அது போதுமானது. ஆயினும் அவ்வுடலிலுள்ள ஏற்றம் 0.3 மைக்குரோகூலோம். ஒரு பிக்கோபரட்டுக் கொள்ளளவமுடைய படலையை 100 வோல்ற்றுக்கு உயர்த்துதற்கு வேண்டிய ஏற்றமோ இதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. உடலின் ஏற்றத்திலே மிகச் சிறு கூறு சென்றாலும் படலை அழியும் என்பது இதனாற் பெறப்படும்.

காலமும் கருதற்பாலது. மனிதவுடலின் இறக்கத்தை ஆராய்வோர் அதனை 1,500 ஓம் தடையினூடாக இறங்கும் ஒரு கொள்ளளவியாகக் கொள்வர். இதன்படி 3,000 வோல்ற்றிலே ஓட்டம் 2 அம்பியர் வரை உயர்ந்து, ஒரு செக்கனின் கோடியில் ஒருசில பங்குக்குள் தணிந்துவிடும். சத்தி சிறிதாயினும், அது கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்திலே, வெப்பம் பரவுதற்கு நேரமின்றி, ஒருங்கே வெளிப்படுகின்றது. ஆகவே அவ்விடத்துச் சிலிக்கன் தன் உருகுநிலையாகிய 1,414 பாகை சதமவளவை எட்டிவிடுதல் கூடும். ஆகவே தீங்கு விளைப்பது சத்தியின் பெருமை மாத்திரமன்று. அது வெளிப்படும் விரைவே என்பது தெளிவு.

ஊறும் மறைவூறும்

சுற்றுக்கு நேரும் ஊறு மூவகையாகக் காணப்படும். ஒட்சைட்டுப் படை துளைபடுதல் ஒன்று. குறைகடத்திச் சந்தி உருகுதல் மற்றொன்று. நுண்ணிய உலோக இழைகள் எரிந்தறுதல் மூன்றாவது. அது நேரும் வழியும் ஒன்றன்று. ஏற்றமுள்ள மனிதர் சில்லைத் தொடுதலால் நேர்வது யாவரும் அறிந்த வழி. மற்றொரு வழியிலே சில்லே ஏற்றத்தைப் பெறும். பிளாத்திக்குக் குழாயொன்றிலே சறுக்கி வரும் சில்லு அச்சறுக்கலினாலேயே ஏற்றம் பெற்று, குழாயின் வாயிலுள்ள உலோகத் தட்டைத் தொட்ட மாத்திரத்தில் தன் ஏற்றத்தை இறக்கிவிடுகின்றது. இங்கே 1,500 ஓம் தடையும் இல்லை. ஓட்டம் பல அம்பியராக உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நனோசெக்கனில் முடிந்துவிடும். பொறிகளே சில்லுக்களைக் கையாளும் இக்காலத் தொழிற்சாலைகளில் மனிதர் தொடுதலைக் காட்டிலும் இவ்வழியே பெரிதும் அஞ்சப்படுகின்றது.

அடியுண்ட சில்லு உடனே செயலற்றுப் போகுமாயின் அது நன்மையே எனலாம், சோதனையிலே பிடிபட்டுவிடும். படை முற்றாகத் துளைபடாது நலிந்து மாத்திரம் நிற்குமாயின், அச்சில்லு சோதனையிலே தேறிக் கருவியிலும் பொருத்தப்பட்டுவிடும். பின்னர் வெப்பத்தாலும் தொடர்ந்த பயன்பாட்டாலும் அந்நலிவு வளர்ந்து, ஒருநாள் கருவி நின்றுபோகும். இது மறைவூறு எனப்படும். இஃது எத்துணை அடிக்கடி நேர்கின்றது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், நேரக்கூடியது என்பதில் ஐயமில்லை. நின்றுபோவது விளையாட்டுக் கருவியாயின் இழப்புச் சிறிது. அது நோயாளியின் மார்பினுள் வைக்கப்பட்ட இதயமுடுக்கியாகவோ, வானூர்தியின் கட்டுப்பாட்டுக் கருவியாகவோ இருப்பின் இழப்பு ஓர் உயிராகவோ பல உயிராகவோ ஆகலாம். அத்துணைப் பெருந்தீங்கின் மூலம் என்றோ ஒருநாள் ஒருவர் உணராது செய்த ஒரு தொடுகையாக இருத்தல் கூடும்.

முன்னோர் கண்ட நெறி

மெல்ல வடியவிடும் நெறி இலத்திரனியலுக்கு முற்பட்டது. 1747 ஆம் ஆண்டிலே பெஞ்சமின் பிராங்கிளின், ஏற்றம் பெற்ற உலோகக் குண்டொன்றுக்கு அருகே மழுங்கிய கடத்தியைக் கொண்டு சென்றபோது பொறி பறந்ததையும், கூரிய ஊசியைக் கொண்டு சென்றபோது ஒலியும் பொறியுமின்றி ஏற்றம் வடிந்துவிட்டதையும் கண்டார். ஏற்றம் நீங்கிய முடிவு ஒன்றே. நீங்கிய முறைதான் வேறு.

இந்நெறி பின்னர் மருத்துவமனைகளிலே உயிர் காத்தது. ஈதர், சைக்கிளோபுரொப்பேன் முதலிய மயக்க மருந்துகள் எளிதில் தீப்பற்றும் ஆவிகள். அவை வழங்கிய காலத்தில் அறுவைக் கூடங்களிலே ஒரு போர்வையை உதறுவதால் எழும் பொறியும் வெடியை விளைக்கக்கூடியதாய் இருந்தது. ஆகவே அக்கூடங்களின் தளம் மின் கடத்தும் பொருளால் அமைக்கப்பட்டது. காபன் கலந்த இறப்பராற் சக்கரங்களும் காலணிகளும் செய்யப்பட்டன. ஆயின் தளத்தின் தடை மிக உயர்தல் கூடாதென்பது போலவே மிகக் குறைதலும் கூடாதெனவும் விதிக்கப்பட்டது. தடை மிக உயர்ந்தால் ஏற்றம் வடியாது; மிகக் குறைந்தால், பழுதுற்ற மின்கருவியைத் தொட்டவரின் உடலூடாகக் கொடிய ஓட்டம் பாயும். மேலெல்லையும் கீழெல்லையும் உடைய இத்தடையே இலத்திரன் சுற்றுக்களின் காப்பிலும் காணப்படுவது.

பணியிடத்துக் காப்பு

சுற்றுக்களைக் கையாளுவோர் அணியும் கருவிகளுள் முதன்மையானது மணிக்கட்டுப் பட்டி. தோலோடு ஒட்டிநிற்கும் இப்பட்டியிலிருந்து ஒரு வடம் புவித்தொடுப்புக்குச் செல்கின்றது. அவ்வடத்திலே ஒரு மெகா ஓம் தடை வேண்டுமென்றே இணைக்கப்பட்டிருக்கும். ஏற்றத்தை வடிப்பதற்கான வழியிலே தடையை வைப்பது முரண்போலத் தோன்றும். கணக்கோ அதன் பொருத்தத்தைக் காட்டுகின்றது. 100 பிக்கோபரட்டுக் கொள்ளளவம் ஒரு மெகா ஓம் தடையினூடாக வடியும்போது, 3,000 வோல்ற்று அரை மில்லிசெக்கனிலே 20 வோல்ற்றளவுக்குத் தணிந்துவிடும். மனிதச் செயல்களோடு ஒப்பிட இது கணப்பொழுதே. பட்டியணிந்தவர் தவறுதலாக 230 வோல்ற்று மின்கம்பியைத் தொட நேரினும், அத்தடை உள்ளமையால் பட்டியின் வழியே செல்லும் ஓட்டம் 0.23 மில்லியம்பியரைத் தாண்டாது. ஆகவே ஏற்றத்துக்கு எளிதாகவும் உயிருக்குத் தீங்கற்றதாகவும் அவ்வழி அமைகின்றது. எனினும் உயர்ந்த அழுத்தமுள்ள மின் திறந்து கிடக்கும் கருவிகளில் வேலை செய்யும்போது பட்டியை அணிதல் தகாது.

அமெரிக்க நிலைமின்னிறக்கச் சங்கம் 1982 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1999 இல் அது முதன்முதலாக வெளியிட்ட நியமமொன்று, 100 வோல்ற்று வரை தாங்கக்கூடிய சில்லுக்களைக் காத்தற்குரிய நெறிகளை வகுத்துள்ளது. பட்டியணிந்தவருக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள மொத்தத் தடை 35 மெகா ஓமுக்குக் குறைந்திருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உடலசைவினால் ஒரு மைக்குரோவம்பியர் வீதம் ஏற்றம் தோன்றிக்கொண்டே இருப்பதாகக் கொண்டாலும், 35 மெகா ஓம் தடையிலே அழுத்தம் 35 வோல்ற்றுக்கு மேற்படாது. பட்டி தளர்ந்தோ வடம் உள்ளே அறுந்தோ இருப்பின் அணிந்தவர் அதனை அறியார். ஆதலின் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன்னர் பட்டியைச் சோதித்தல் நல்ல தொழிற்சாலைகளின் வழக்கமாகும்.

மேசையின் அமைப்பிலே மெல்ல வடியவிடும் நெறி இன்னும் தெளிவாகின்றது. நிலத்தோடு தொடுத்த உலோகத் தகட்டை மேசைமீது விரிப்பதே சிறந்ததெனத் தோன்றலாம். ஆயின் ஏற்றம் பெற்ற சில்லை அத்தகட்டின் மீது வைத்த மாத்திரத்தில் ஏற்றம் முழுவதும் ஒரு நனோசெக்கனிலே பாயும். காக்க விரித்த தகடே கொல்லும் கருவியாகிவிடும். வெறும் பிளாத்திக்கு விரிப்போ ஏற்றத்தை வடியவிடாது, தானும் புதிய ஏற்றத்தை ஆக்கும். ஆகவே இரண்டிற்கும் இடைப்பட்ட பொருளே வேண்டப்படுகின்றது. மேற்பரப்புத் தடை 10,000 ஓமுக்குக் குறைந்தவை கடத்திகள் எனவும், 10,000 கோடி ஓமும் அதற்கு மேலும் உள்ளவை காவலிகள் எனவும், இவற்றுக்கு இடைப்பட்டவை சிதறச்செய்யும் பொருள்கள் எனவும் வகுக்கப்பட்டுள்ளன. மேசைவிரிப்புக்கும் தளவிரிப்புக்கும் ஏற்றவை பெரும்பாலும் இவ்விடை வகையைச் சேர்ந்தவை.

காவலியிலே தங்கிய ஏற்றத்தைப் புவித்தொடுப்பால் நீக்கல் இயலாது. அது நகர மாட்டாது. ஆகவே வேண்டாத காவலிகளைப் பணியிடத்திலிருந்து விலக்குதலே முதற்கடமை. விலக்க முடியாதவற்றின் மீது அயனாக்கிய காற்று வீசப்படும். உயரழுத்தம் ஊட்டிய ஊசிமுனைகளோ, பொலோனியம் 210 போன்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளோ காற்றிலே இருவகை அயன்களையும் ஆக்க, காவலியின் ஏற்றம் தனக்கு எதிரான அயனை இழுத்து நடுநிலை எய்துகின்றது.

சில்லுக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பைகளும் இருவகையின. இளஞ்சிவப்பு நிறப் பொலித்தீன் பை தான் ஏற்றத்தை ஆக்காதபடி மருந்து சேர்க்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் மின்புலத்தை அது தடுக்காது. வெள்ளிபோல மின்னும் பையிலே பிளாத்திக்குப் படைகளுக்கிடையே நுண்ணிய உலோகப் படலம் உண்டு. அதுவே உள்ளிருப்பதைக் காப்பது. 1836 ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே பன்னிரண்டடிக் கூடமொன்றை அமைத்துக் கடத்தியால் மூடி, அதனுட் புகுந்து, வெளியே வலிய பொறிகள் பறக்கவும் உள்ளே மின்னின் அடையாளம் யாதும் இல்லாமையைக் காட்டினார். அக்கூடத்தின் சிறு வடிவமே இப்பை. அதன் வாயை மூடினாலன்றிக் காப்பு நிறைவுறாது. சுற்றுப்பலகையைப் பைக்குள் வையாது பையின் மேலே வைப்போர் உளர்; அதனால் காப்பு இல்லை.

சுற்றினுள் அமைந்த காப்பு

பணியிடக் காப்பு, கருவி தொழிற்சாலையை விட்டு நீங்கியதும் முடிந்துவிடுகின்றது. வீட்டிலே அதனைப் பயன்படுத்துவோர் பட்டியணிவதில்லை. ஆகவே சுற்றினுள்ளும் காப்பு வேண்டும். சில்லின் ஒவ்வொரு முனையிலும் இரு இருவாயிகள் அமைக்கப்படுவது பொது வழக்கம். ஒன்று வழங்கல் மின்னின் பக்கமாகவும் மற்றொன்று நிலத்தின் பக்கமாகவும் திரும்பியிருக்கும். முனையின் அழுத்தம் வரம்புக்குள் நிற்கும் வரையில் அவை உறங்குவன போலச் செயலற்று நிற்கும். வரம்பு மீறியவுடன் அவற்றுள் ஒன்று கடத்தத் தொடங்கி, படலைக்குச் செல்லவிருந்த ஓட்டத்தை வேறு வழியே திருப்பிவிடும். வழியிலே அமைந்த சிறு தடை எஞ்சிய ஓட்டத்தைத் தணிக்கும்.

வெளிமுனைகளைக் கொண்ட கருவிகளுக்கு இது போதாது. சருவதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமப்படி நிகழும் சோதனையொன்றிலே, 150 பிக்கோபரட்டுக் கொள்ளளவி 8,000 வோல்ற்று ஏற்றப்பட்டு 330 ஓம் தடையினூடாகக் கருவியின்மீது இறக்கப்படுகின்றது. ஓட்டம் ஒரு நனோசெக்கனுக்குள் 30 அம்பியர் வரை உயரும். இதனைத் தாங்குதற்குச் சேனர் வகையைச் சேர்ந்த காப்பு இருவாயிகளும், நாகவொட்சைட்டாலான மாறுதடைகளும் முனைகளின் அருகே பொருத்தப்படுகின்றன. அவற்றை வைக்கும் இடமே இங்கு முதன்மையானது. காப்புறுப்பு முனைக்கு மிக அண்மையிலும், அதிலிருந்து நிலத்துக்குச் செல்லும் வழி குறுகியதும் அகன்றதுமாகவும் இருத்தல் வேண்டும். ஓட்டம் அத்துணை விரைவாக உயரும்போது ஓரிரு சதமமீற்றர் நீளமுள்ள கம்பியின் தூண்டுதிறனே பல நூறு வோல்ற்றை எழுப்பிவிடும். விலையுயர்ந்த காப்புறுப்பும் அப்போது பயனின்றி நிற்கும்.

இக்காப்பும் விலையின்றிக் கிடைப்பதன்று. பெரிய இருவாயி மிகுந்த ஓட்டத்தைத் தாங்கும்; ஆயின் அதன் கொள்ளளவமும் பெரிதாதலின், விரைந்து மாறும் சைகைகள் அதிலே சிதைந்துவிடும். விரைவு மிகுந்த தரவுக் கம்பிகளுக்கு ஒரு பிக்கோபரட்டுக்கும் குறைந்த கொள்ளளவமுடைய உறுப்புக்களையே தெரிந்தெடுத்தல் வேண்டும். சுற்றை வகுப்போர் காப்பையும் விரைவையும் ஒரே தராசிலே நிறுத்துப் பார்க்க நேர்கின்றது. சில்லினுள் அமையும் காப்பு இவ்வாறு வரம்புடையதாதலால், கையாளுவோரின் கவனம் தேவையற்றதாகும் காலம் அண்மையில் இல்லை.

ஈரக்காற்றும் பொய்யான நம்பிக்கையும்

இலங்கை போன்ற கடல் சூழ்ந்த நாடுகளிலே காற்றின் ஈரப்பதன் இயல்பாகவே மிகுதி. பனிக்காலத்திலே வீடுகளை வெப்பமூட்டி வாழும் குளிர்நாட்டார் கதவின் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் பெறும் அதிர்ச்சியை இங்குள்ளோர் அரிதாகவே பெறுகின்றனர். ஆகவே நிலைமின் இந்நாட்டுக்கு உரிய சிக்கலன்று என்னும் எண்ணம் எளிதில் எழும். மேலே கூறிய அளவுகள் அதனை மறுக்கின்றன. ஈரக்காற்றிலும் நடப்பவர் 1,500 வோல்ற்றை அடையக்கூடும். பொலித்தீன் பையோ 1,200 வோல்ற்றைத் தரக்கூடும். இவை உணரப்படும் எல்லைக்குக் கீழே, அழிக்கும் எல்லைக்கு மேலே நிற்பன. வறண்ட நாட்டிலே அதிர்ச்சியாவது மனிதனை எச்சரிக்கும். ஈர நாட்டிலே அவ்வெச்சரிக்கையும் இல்லை. கணினிகள் வைக்கப்படும் குளிரூட்டிய அறைகளில் காற்றின் ஈரம் நீக்கப்படுவதையும் கருதின் ஐயம் முற்றும் நீங்கும்.

கல்லூரி ஆய்வுகூடத்திலோ வீட்டிலோ கணினியைத் திறந்து பார்க்கும் மாணவருக்கு விலையுயர்ந்த ஏற்பாடுகள் கிட்டாமற் போகலாம். எனினும் சில எளிய ஒழுக்கங்களாற் பெரும்பயன் உண்டு. சில்லையும் சுற்றுப்பலகையையும் பொருத்தும் வரையில் அவற்றுக்குரிய பையிலேயே வைத்தல், பலகையை விளிம்பிலே பிடித்து அதன் உலோக முனைகளைத் தொடாதிருத்தல், பொலித்தீன் உறைகளையும் செயற்கையிழைத் துணிகளையும் மேசையிலிருந்து அகற்றுதல், மின்னிணைப்பு நீக்கிய கணினியின் உலோகச் சட்டத்தை முதலிலே தொடுதல் ஆகியன அவை. இறுதியிற் கூறியது கணினிக்கும் கைக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் போக்கும். ஆனால் எழுந்து நடந்து மீண்டு வந்தால் ஏற்றம் மறுபடியும் தோன்றுமாதலின், ஒருமுறை தொட்டது போதுமெனக் கருதலாகாது. மணிக்கட்டுப் பட்டி சட்டத்தோடு தொடுக்கப்பட்டிருப்பின் அக்கவலை இல்லை.

தொழிற்சாலையின் அயனாக்கியிலிருந்து மாணவரின் எளிய பட்டி வரை இவை யாவும் ஒரு கருத்தின் பல வடிவங்களே. கையும் கருவியும் மேசையும் ஒரே அழுத்தத்தில் நிற்குமாயின் பாய்வதற்கு ஏதுமில்லை. வேறுபாடு தோன்றியவிடத்து அது மெல்ல வடியுமாயின் அழிவதற்கு ஏதுமில்லை. இவ்விரண்டையும் செய்தற்குப் பெரும் பொருட்செலவைக் காட்டிலும் இடையறாத கவனமே வேண்டப்படுகின்றது. கண்ணாற் காணவோ கையால் உணரவோ இயலாத பகையைப் புலன்களாற் காத்தல் முடியாது. அறிவினாலும் அவ்வறிவு வழிப்பட்ட பழக்கத்தினாலுமே காத்தல் கூடும். தன் கையிலே அதிர்ச்சி எதுவும் உணரப்படவில்லை என்பதைக் கொண்டு தீங்கு நேரவில்லை எனத் துணியாதிருப்பதே அப்பழக்கத்தின் முதற்படியாகும்.